ஏழாம் கட்டிலின் நீல விளக்கு

புருஷன் செத்து வருடம் திரும்பிய அன்றே மாதினேயோவின் கொழுந்தனும் நாத்தனாரும் செம்மறியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கறுப்பைக் கழற்றுகிற சடங்கு. ஆடு அறுத்து, துக்கத் துணியை எரித்து, தாலி இல்லாத எங்கள் ஊரில் புருஷன் வீட்டார் கையால் புதுக் கம்பளி ஒன்றைத் தோளில் போர்த்திவிட்டால் பெண்பிள்ளை துக்கத்திலிருந்து வெளியே வந்ததாகக் கணக்கு.

மாதினேயோ வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, வருஷம் முடிஞ்சிடுச்சு. ஆடு கொண்டாந்திருக்கோம்" என்றான் கொழுந்தன்.

"அவுத்து விடு. புல்லாச்சும் திங்கட்டும்."

"இது என்ன பேச்சு? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"மொக்கேதி தலை குனியிற நாள் வரைக்கும் இந்தக் கறுப்பு என் ஒடம்புலதான் கெடக்கும். ஊரு கேட்டா அதையே சொல்லு. சத்தமா சொல்லு, அவன் காதுலயும் விழட்டும்."

ஆடு திரும்பிப் போனது. அப்புறம் இரண்டு வருடம் அந்தப் பேச்சை எடுக்க அவர்களுக்குத் துணிவில்லை. கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகி, ஓரம் கிழிந்து, கிழிசலைத் தைத்து, தைத்த இடம் மறுபடி கிழிந்து, அப்படியே அவள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள். முடிந்ததும் அவரிடம் போய், "நல்லா பேசினீங்க ஐயா, எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதினேயோ என்றால் தினேயோவின் தாய். கல்யாணத்தன்று மாமியார் வைத்த பெயர். பிறக்கப்போகிற பிள்ளையின் பெயரை மருமகளுக்கு முன்கூட்டியே சூட்டிவிடுவது எங்கள் லெசோத்தோவில் வழக்கம். தினேயோ பிறக்கவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இருபத்து மூன்று வருடம் அவளுக்குப் பிள்ளை, புருஷன், பேச்சுத்துணை, சண்டைத்துணை எல்லாம் செகாகே ஒருவன்தான். அவனும் அந்த இருபத்து மூன்றில் பதினெட்டு வருடம் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் கிடந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான், ஈஸ்டருக்கு வருவான். வரும்போதெல்லாம் வாயில் சீழ்க்கை. சுரங்கம் அவனை விட்டபோது நெஞ்சு முழுக்கக் கல்தூசி. சீழ்க்கை மட்டும் போகவில்லை.

தூசி படிந்த நெஞ்சைக் காசநோய் தேடி வருவது இங்கே யாருக்கும் புதிதல்ல. செகாகேக்கும் வந்தது. சாதாரணக் காசம்தான், மாத்திரைக்கு அடங்குகிற ஜாதி. ஆறு மாதம் விழுங்கினால் போய்விடும். அவள் பன்னிரண்டு வருடமாகத் தரை துடைக்கிற அதே மலையடி ஆஸ்பத்திரியில், அதே வார்டில், ஏழாம் கட்டில். துடைத்துக்கொண்டே ஏழாவது கட்டிலை நெருங்கும்போது துடைப்பத்தை மெதுவாக ஓட்டுவாள். "என்னம்மா, இங்க மட்டும் அழுக்கு சாஸ்தியோ?" என்பான் அவன். எட்டாம் கட்டில்காரன் சிரித்துச் சிரித்து இருமுவான்.

அந்த எட்டாம் கட்டில்காரனுக்கு இருந்தது மாத்திரைக்கு அடங்காத ஜாதி. சளிப் பரிசோதனை முடிவு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவனும் செகாகேயும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்துக் கிடந்தார்கள்.

செகாகே தேறித்தான் வந்தான். எடை கூடியது. புளித்த கூழ் வேண்டும், ஆஸ்பத்திரிக் களி மண் மாதிரி இருக்கிறது என்று அடம்பிடித்தான். வீட்டுக்கு அனுப்ப நாள்கூடக் குறித்தாகிவிட்டது. மூன்றாவது மாதம் காய்ச்சல் திரும்பியது. ஐந்தாவது மாதம் சீழ்க்கை நின்றது. ஏழாவது மாதம் போய்விட்டான். வார்டு டாக்டர் நல்ல மனிதர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, இது அவர் வரும்போது கொண்டாந்த கிருமி இல்ல. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாச்சு. இது இங்க வந்து புடிச்சது."

"இங்கன்னா எங்க ஐயா?"

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வெளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துது" என்றார், தனக்குத்தானே.

அந்த விளக்குகள் வருவதற்கு முன்னால் வார்டு ஜன்னல்களைச் சாத்தவே கூடாது. ஜூன் எங்களுக்கு நடுக்குளிர்காலம், வெளியே பனி கொட்டும், ஜன்னல் திறந்திருக்கும், நோயாளிகள் கம்பளிக்குள் மூட்டை மூட்டையாகச் சுருண்டு கிடந்து மேட்ரனைத் திட்டுவார்கள். பிறகுதான் வெளிநாட்டு ஆட்கள் வந்து புற ஊதா விளக்கு மாட்டினார்கள். இருமலில் கிளம்புகிற கிருமி காற்றில் மிதந்து மேலே போகும், மேலே இந்த வெளிச்சம் பட்டுச் சாகும், காற்று மேலும் கீழும் புரள விசிறி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழாயை மாதாமாதம் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், அளவுக் கருவியால் அளக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை புதுக் குழாய் மாற்ற வேண்டும், பழசானால் நீலம் மட்டும் எரியும், கிருமியைக் கொல்லுகிற கதிர் இருக்காது. அந்தப் பொறுப்பு பராமரிப்பு மேற்பார்வையாளர் மொக்கேதிக்கு வந்தது. அவரைத் தலைநகர் மசேருவுக்கு அனுப்பி நான்கு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள்.

மொக்கேதி கெட்ட எண்ணம் பிடித்த ஆள் என்று நானே சொல்லமாட்டேன். தெரியாது என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத ஆள். அவ்வளவுதான், ஆனால் அது போதும். பயிற்சியில் தூங்கினாரோ, ஆங்கிலம் புரியவில்லையோ, அளவுக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. கருவி மேசை இழுப்பறைக்குள் போனது. விளக்குப் பக்கத்தில் தொங்குகிற அட்டையில் முதல் மாதம் வெளிநாட்டு ஆட்கள் எழுதிக் கொடுத்திருந்த அதே எண்ணை மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழாய் நீலமாக எரிகிறது, எரிகிற விளக்கை எவனாவது கழற்றுவானா? இரண்டாம் குளிர்காலத்தில் விசிறி தலையில் பனி ஊதுகிறது என்று நோயாளிகள் கத்தினார்கள். அதையும் நிறுத்தினார். ஜன்னல்களும் சாத்தப்பட்டன. வார்டு கதகதவென்று ஆனது. எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள்.

மாதினேயோவும் வாழ்த்தினாள். ஏழாம் கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலைச் சாத்தியது அவள்தான். செகாகேக்குக் குளிருகிறது என்று தன் கையாலேயே கொக்கியைப் போட்டாள். நீலம் எரிகிறதே, அப்புறம் என்ன பயம் என்று நினைத்தாள். அந்தக் கொக்கியின் சில்லிப்பு இன்னும் விரலில் இருந்து போகவில்லை.

விளக்கு செத்துக் கிடக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னது அவள் கண்தான்.

விளக்கு மாட்டிய புதிதில், அணைக்க மறந்து, ஏணி போட்டு அலமாரி உச்சியைத் துடைத்திருக்கிறாள். கால் மணி நேரம் முகம் விளக்குக்கு நேராக இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு கண்ணிலும் யாரோ மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் திறக்க முடியவில்லை. செகாகே ஈரத்துணி வைத்துக்கொண்டே, "கிருமியக் கொல்லச் சொன்னா என் பொண்டாட்டியக் கொல்லப் பாக்குதே" என்றான்.

அவன் போய் ஒரு மாதம் கழித்து அந்த ஞாபகம் வந்தது. வந்த அன்றே ஏணியைப் போட்டு ஏறினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் தடுப்புத் தகடுகளில் தூசி ஆட்டு ரோமம் மாதிரி அடர்த்தியாகப் படிந்திருந்தது. முகத்தை நேராக நீட்டி, கண்ணை அகலத் திறந்து, அரை மணி நேரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கெடுதல் என்று தெரிந்தேதான் நின்றாள். வீட்டுக்குப் போய் ஈரத்துணியை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். பொழுது சாய்ந்தது. களி கிண்டினாள், கீரை வதக்கினாள், தின்றாள். கண் வலிக்கவில்லை. கொஞ்சமாவது உறுத்தாதா என்று தேய்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்தக் கண்ணில் வலி இல்லை என்பதற்காகத்தான் அவள் அன்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மேட்ரனிடம் போனாள். மேட்ரன் மொக்கேதியைக் கூப்பிட்டார். மொக்கேதி அட்டையைக் கழற்றி எடுத்து வந்து மேசைமேல் போட்டார்.

"பாருங்கம்மா. மாசாமாசம் அளந்திருக்கேன். கையெழுத்து இருக்கு. வெளக்கு எரியுது, இதோ கண்ணுக்கு முன்னால நீலமா எரியுது. தொடப்பம் புடிக்கிறவளுக்கு வெளக்கப் பத்தி என்ன தெரியும்?"

"அளக்கிற கருவிய எடுத்தாங்க ஐயா, இப்பவே அளந்து பாப்போம்" என்றாள் மாதினேயோ.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. அப்புறம் சிரித்தார். "புருஷன் போன துக்கம், புத்தி கலங்கிடுச்சு. நான் கோவிச்சுக்கல. ஏம்மா, உன் வீட்டுக்காரன் சொரங்கத்துலயே பாதி செத்துத்தான் வந்தான். மீதிக்கு என் வெளக்க ஏன் குத்தம் சொல்ற?"

பாதி செத்துத்தான் வந்தான். அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். மூன்று வருடம் சோற்றோடும் தூக்கத்தோடும் வைத்திருந்தாள். இந்த ஆள் எல்லோரும் பார்க்க, தன் கையாலேயே தன் பொய்யை உடைக்க வேண்டும். யாரோ பிடித்துக் கொடுத்தார்கள் என்று ஆகக்கூடாது, அவரே உடைக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மேலிடத்துக்கு மனு எழுதிப் பார்த்தாள். மனு சுற்றி வந்து விசாரணைக்காக மொக்கேதியின் மேசைக்கே போனது. அவர் அதில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தரை துடைக்கும்போது பார்த்தாள்.

வழி ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அங்கேயும் துடைப்பது அவள்தான். ஆய்வாளர் திம்போ முப்பது வயதுப் பெண், வாய் ஓயாது. கண்ணாடி மாதிரி ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டுகளில் கிருமி வளர்ப்பது அவள் வேலை. ஒருநாள் ஒரு தட்டைத் தூக்கிக் குப்பையில் போடப்போனவள் நின்றாள்.

"அக்கா, இத வந்து பாருங்க. நேத்து சன்னலுக்கு வெளிய திட்டுல ஒரு தட்ட மறந்து வச்சுட்டேன். மூடி கூட இல்ல. பாதி மேல கைத்துணி கெடந்துது."

தட்டில் பாதி வெறுமையாக இருந்தது. துணி மறைத்த பாதியில் மட்டும் கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாகக் கிருமி படர்ந்திருந்தது.

"வெயில் பட்டதெல்லாம் செத்துருச்சா?"

"ஆமா. வெயில்லயும் அந்த வெளிச்சம் கொஞ்சம் இருக்கு. உங்க வார்டு வெளக்குல இருக்கிறது இன்னும் உக்கிரம். ஆனா நேரா படணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வச்சீங்கன்னா ஒண்ணும் ஆகாது."

"வார்டுல கிருமி காத்துலதானே இருக்கு?"

"காத்துல தனியா மிதக்கிறது சட்டுனு செத்துரும்க்கா. எங்கயாவது படிஞ்சு, சளியோட காஞ்சு ஒட்டிக்கிட்டா கஷ்டம். மேல இருக்கிறது செத்து, கீழ இருக்கிறதுக்குக் கம்பளியாயிடும். தூசிக்குள்ள பூந்துக்கிட்டா சொல்லவே வேண்டாம். வெளிச்சம் படாத எடமாப் பாத்து ஒளியிற ஜாதி."

"மொக்கேதி மாதிரி" என்றாள் மாதினேயோ.

திம்போ சிரித்தாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அந்த வாரமே இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள்.

மருந்துப் பட்டையின் அலுமினியத் தாளில் மாதினேயோ செகாகேயின் பெயரை வெட்டினாள். ஆறு ஆங்கில எழுத்து, கொடியில் துணி தொங்குவது போல ஒரே இழையில். அதே போல இன்னொன்று. நோய் தராத, ஒரே நாளில் வளர்கிற கிருமியைத் திம்போ இரண்டு தட்டிலும் ஒரே சீராகப் பூசினாள். பெயரை ஜெல்லி மேல் ஒட்டவைத்தார்கள். ஒரு தட்டு வெளியே உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம். மற்றது வார்டில், அலமாரி உச்சியில், நீல விளக்குக்கு நேர் எதிரில், அதே இரண்டு மணி நேரம். உயிருள்ள விளக்காக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கிருமி தப்பக்கூடாது. தாளை உரித்துவிட்டு, மூடி ஒட்டி, சூடுபெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் வெயிலில் வைத்த தட்டைத் திம்போ எடுத்து நீட்டினாள். வெறும் ஜெல்லியின் நடுவில் வெள்ளை வெளேரென்று செகாகே என்று வளர்ந்திருந்தது. தாள் மறைத்த இடம் மட்டும் பிழைத்திருந்தது. மாதினேயோ அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்தாள். மற்றத் தட்டில் பெயர் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே வெள்ளை, எல்லாமே பிழைத்துக் கிடந்தது, அதற்குள் எங்கோ அவன் பெயரும் புதைந்து கிடந்தது.

"இயக்குநர்கிட்ட காட்டலாம்க்கா" என்றாள் திம்போ.

"இப்ப வேண்டாம். மே மாசம் விழா இருக்கு."

அந்த மே மாதம் ஆஸ்பத்திரி நாள். அந்த வருடம் சிறந்த ஊழியர் என்று மொக்கேதிக்குக் கம்பளி போர்த்தப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கம்பளி என்றால் சும்மா இல்லை. பிறந்தாலும், பெண் எடுத்தாலும், மண்ணுக்குள் போனாலும் கம்பளி. ஊர்த் தலைவர் எல்லோர் முன்னாலும் ஒருவன் தோளில் கம்பளி போட்டால் அவன் பேரன்கூட அதைச் சொல்லித் திரிவான்.

விழாவுக்கு முந்தின நாள் இரண்டு தட்டையும் புதிதாகத் தயார் செய்தார்கள். முடிவு அதேதான் வந்தது.

விழா வார்டின் நீண்ட நடைக்கூடத்தில். தலைவர், இயக்குநர், மேட்ரன், ஊர்ப் பெரியவர்கள். மூக்குமூடி போட்ட நோயாளிகள் வார்டுக் கதவைத் திறந்துவைத்துக் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார்கள். வெளியே முதல் பனிக்காற்று. வார்டு ஜன்னல் எல்லாம் வழக்கம் போலச் சாத்தியிருந்தது. தலைவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து கம்பளியை எடுத்துப் பிரிக்கிறபோது மாதினேயோ கிழிந்த கறுப்போடு முன்னால் வந்து நின்றாள். கையில் இரண்டு தட்டு.

"தலைவரே, போர்த்தறதுக்கு முன்னால ஒரு நிமிஷம்."

விளக்கு செத்ததையும் தட்டில் கண்டதையும் நேராகச் சொன்னாள். திம்போ பக்கத்தில் நின்று தட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் சலசலப்பு. செகாகேயின் பெயர் வளர்ந்திருந்த தட்டைத் தலைவர் கிட்டே வாங்கிப் பார்த்தார்.

மொக்கேதி அசரவில்லை. "சூரியனும் வெளக்கும் ஒண்ணாங்க? அது ஆண்டவன் குடுத்தது, இது கடையில வாங்கினது. இந்த ஜெல்லி வேலையெல்லாம் சமையக்கட்டுல வச்சுக்கச் சொல்லுங்க."

இயக்குநர் தாடையைத் தடவினார். "ஒரு தட்ட வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. முறையா விசாரிப்போம். இப்ப விழா நடக்கட்டும்."

விசாரணை எந்த மேசைக்குப் போகும் என்று மாதினேயோவுக்குத் தெரியும். இப்படித்தான் சொல்வார்கள் என்பதும் தெரியும். அவள் தட்டுகளைத் திம்போவிடம் கொடுத்துவிட்டு, மொக்கேதியைப் பார்த்துக் கைகட்டி நின்றாள்.

"சரிங்க ஐயா, நாந்தான் தப்பு. வெளக்கு நல்லாத்தான் இருக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"காத்துல கிருமியே இல்ல."

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப மூக்குமூடியக் கழட்டிட்டு ஏழாம் கட்டில்ல போய் உக்காருங்க. ஒரு மணி நேரம். சன்னல் சாத்தியிருக்கு, நீலம் எரியுது. நீங்க உக்காந்து எந்திரிச்சா, இங்கயே எல்லார் முன்னாலயும் இந்தக் கறுப்பக் கழட்டிப் போட்டுட்டு உங்க கால்ல விழறேன். அந்தக் கம்பளிய நானே உங்க தோள்ல போடறேன்."

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "கேட்டதுல தப்பில்லயே. அவர் வெளக்குதானே" என்றார்.

மொக்கேதி கூட்டத்தைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார். நிமிர்ந்த நடையோடு வார்டுக்குள் போய் ஏழாம் கட்டிலில் உட்கார்ந்து மூக்குமூடியைக் கழற்றினார். கட்டில் அன்று காலியாக இருந்தது. எட்டாம் கட்டிலில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, "வாங்க ஐயா, நல்லா கதகதன்னு இருக்கும். நான் ஒரு இருமல் போடட்டுமா, இல்ல பொறுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

ஐந்து நிமிடம் போனது. மொக்கேதி மேலே விளக்கைப் பார்த்தார். அந்த அட்டையையும் பார்த்தார், தன் கையெழுத்து வரிசையாக இறங்குகிறதை. எட்டாம் கட்டில்காரர் இருமினார். வேண்டுமென்று இல்லை, நிஜமான இருமல், அடிவயிற்றிலிருந்து வந்தது. முடிந்ததும் மன்னிப்புக் கேட்டார். மறுபடி இருமினார். மொக்கேதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. மாதினேயோ கதவில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரு, இன்னும் கொஞ்சம் இரு, செகாகே ஏழு மாதம் இருந்தானே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு அவர்மேல் இரக்கம் ஒரு துளியும் இல்லை. எனக்கும் இல்லை.

பன்னிரண்டாவது நிமிடம் மூன்றாவது இருமல் வந்தது. மொக்கேதி எழுந்தார். எழுந்த வேகத்தில் தலைக்கு மேலிருந்த ஜன்னல் கொக்கியைக் கழற்றி, கதவை அகலத் தள்ளி, முகத்தை வெளியே நீட்டி, தண்ணீரிலிருந்து மேலே வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினார்.

அப்புறம்தான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. திரும்பவில்லை. பனிக்காற்று உள்ளே வந்து நோயாளிகளின் கம்பளி ஓரங்களை அசைத்தது. அவர் முதுகை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அந்தச் சன்னலத்தான் ஐயா நான் சாத்தினேன்" என்றாள் மாதினேயோ. "உங்க நீலத்த நம்பிச் சாத்தினேன்."

தலைவர் கம்பளியை மடித்தார். திரும்ப அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சுருக்கம் போக நீவி, காருக்கு எடுத்துப் போகச் சொன்னார். இயக்குநர் சேமிப்பறையைத் திறக்கச் சொன்னார். சீல் உடைக்காத குழாய்ப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன, வருடத்துக்கு ஒரு அடுக்கு. அளவுக் கருவி இழுப்பறையில், உறை பிரிக்காமல், கிடைத்தது.

மொக்கேதியை வேலையிலிருந்து நீக்கவில்லை. கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற இடத்துக்கு மாற்றினார்கள். வார்டுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் மாதினேயோதான் போய்ச் சொல்ல வேண்டும். தினமும் போனாள். "ஐயா, தண்ணி நெசமாவே சுடுதா, இல்ல அட்டையில எழுதிட்டீங்களா?" என்று தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து கரியைத் தள்ளினார். போதும் அக்கா, விட்டுடுங்க என்று திம்போ சொன்னாள். "உனக்கு என்ன, நீ சின்னப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு மறுநாளும் போனாள்.

புதுக் குழாய் மாட்டி, விசிறியைச் சுற்றவிட்டு, மசேருவிலிருந்து வந்த ஆள் அளந்து எண்ணைச் சொன்னார். எல்லோருக்கும் திருப்தி. மாதினேயோவுக்கு அந்த எண் போதவில்லை. வார்டு சாப்பாட்டு நேரத்தில் ஏணியைப் போட்டு ஏறி, ஏழாம் கட்டிலுக்கு மேல் விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். திம்போ பார்த்து ஓடிவந்து கத்தி இறக்கும்வரை நின்றாள்.

மறுநாள் காலையில் கொழுந்தனும் நாத்தனாரும் செம்மறியோடு வந்தார்கள். அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். வாசல் திறந்திருந்தது. அவள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் வீங்கிச் சிவந்து, திறக்க முடியாமல், கன்னமெல்லாம் தண்ணீர்.

நாத்தனார் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு வருஷமா அழாதவங்க, இப்ப போய் அழறீங்களே அண்ணி."

"அழல. கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

"ஐயோ, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் மாதினேயோ. "அவரு ஏழாம் கட்டில்ல கெடந்தப்ப இந்த வலி அந்த வெளக்குல இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

கறுப்பைக் கழற்ற அவளாகவே கையைத் தூக்கினாள். நாத்தனார் ஈரத்துணி ஒன்றைக் கண்மேல் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பொத்தானை அவிழ்த்தாள்.